கைக்குள் அடங்கும் சுழல் கருவி - எதை வாங்குவது?

பல் டாக்டரிடம் போய் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்த யாருக்கும் அந்த 'உய்ய்ய்ங்' சத்தம் மறக்காது. 1957-ல் சந்தைக்கு வந்த காற்று டர்பைன் கருவி நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்று சுற்றியது. அதற்கு முன்னால், 1871-ல் ஜேம்ஸ் மாரிசன் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கிய கருவியைத் தையல் மெஷின் மாதிரி காலால் மிதித்துத்தான் சுற்ற வேண்டும். இந்தக் கட்டுரை பல்லைப் பற்றியது இல்லை, பயப்படாதீர்கள் :-) ஆனால் நான் சொல்லப்போகும் கருவி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கொஞ்சம் தடித்த தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரோட்டரி டூல் என்பார்கள். நம்ம ஊர்க் கடைகளில் மினி கிரைண்டர், டை கிரைண்டர், மினி டிரில்லர் என்று ஆளுக்கொரு பெயர். கோயமுத்தூரில் போய் வெறுமனே "கிரைண்டர் இருக்குங்களா" என்று கேட்டால் மாவாட்டுகிற கிரைண்டரைக் காட்டிவிடுவார்கள். புவிசார் குறியீடு வாங்கிய ஊராச்சே! அதனால் "கையில பிடிக்கிற சின்னது, பேனா பிட்டு போடறது" என்று சைகையோடு கேட்பது உத்தமம்.

எனக்கு எதற்கு இது? எனக்கில்லை, அக்காவுக்கு. பொள்ளாச்சியில் வீட்டில் இருந்தபடியே கொட்டாங்குச்சியில் கம்மல், கொண்டை ஊசி, சாவிக்கொத்து எல்லாம் செய்கிறாள். எங்கள் ஊரில் தேங்காய்க்குப் பஞ்சமில்லை, கொட்டாங்குச்சிக்கு அதைவிடப் பஞ்சமில்லை. ஆனால் வேலை முழுக்கக் கையால். மெல்லிய ரம்பத்தால் வட்டம் அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து, ஓட்டை போட்டு, எண்ணெய் தடவி ஒரு ஜோடிக் கம்மல் முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஆனால் கட்டைவிரல் மடங்காது. போன தீபாவளிக்கு விற்றதில் மிச்சம் பிடித்த ஆறாயிரம் ரூபாயை என் கையில் கொடுத்து, "ஏண்டா தம்பி, மெக்கானிக்கல் படிக்கிறியே, நீயே பார்த்து ஒரு மெஷின் வாங்கிட்டு வா. ஆனா ரெண்டு மாசத்துல புகை வந்துச்சுன்னு சொல்லாத. இன்னொரு ஆறாயிரம் எங்கிட்ட இல்ல" என்றாள்.

பரீட்சைக்குக்கூட இவ்வளவு படித்ததில்லை. அப்படிப் படித்ததையும், கடை கடையாக அலைந்து தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன். அடுத்து வாங்குகிறவர்களுக்கு உதவட்டும்.

எதற்கு இவ்வளவு வேகம்?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சுவரில் ஓட்டை போடும் சாதாரண டிரில் நிமிடத்துக்கு 2,800 சுற்று போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 1 மி.மீ. பிட்டை மாட்டினால் பிட்டின் விளிம்பு நகரும் வேகம் மணிக்கு அரை கிலோமீட்டர்தான். ஆமை வேகம். வெட்டாமல் தேய்த்துக்கொண்டே இருக்கும், நாம் அழுத்துவோம், பிட்டு ஒடியும். அதே பிட்டை 30,000 சுற்றில் ஓட்டினால் விளிம்பு மணிக்கு ஐந்தரை கிலோமீட்டருக்கு மேல் போகும். அதாவது மனிதன் வேகமாக நடக்கிற வேகம். இப்போதுதான் ஒழுங்காக வெட்டும். சின்னப் பிட்டுக்குப் பெரிய வேகம் வேண்டியிருப்பது இதனால்தான்.

இப்போது அதே 30,000 சுற்றில் 24 மி.மீ. விட்டமுள்ள கட்டிங் வீலை மாட்டுங்கள். விளிம்பின் வேகம் மணிக்கு 135 கிலோமீட்டர்! அது உடைந்து ஒரு துண்டு பறந்தால் முகத்துக்கு வரும் வேகமும் ஏறக்குறைய அதுதான். கருவி குட்டியாக இருக்கிறதே என்று குழந்தைச் சாமானாக நினைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

வேகம் அதிகம் என்றால் பலமும் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. 130 வாட் கருவி 30,000 சுற்றில் ஓடும்போது அதன் முறுக்கு விசை, 500 வாட் டிரில் 2,800 சுற்றில் தருவதில் நாற்பதில் ஒரு பங்குதான் (வீணாவதைக் கணக்கில் எடுக்காமல்). அதனால் இந்தக் கருவியை அழுத்தி வேலை வாங்க முடியாது. வேகத்தை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கத்தான் முடியும். இது புரிந்துவிட்டால் பாதிக் கருவிகள் எரியாமல் தப்பிக்கும்.

கொஞ்சம் வரலாறு

இந்த வகைக் கருவி என்றாலே டிரெமெல் என்ற பெயர்தான் முதலில் வரும். ஜெராக்ஸ் மாதிரி, பிராண்டு பெயரே பொருளின் பெயராகிவிட்டது. ஆல்பர்ட் டிரெமெல் என்பவர் 1932-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ரசீன் என்ற ஊரில் ஆரம்பித்த கம்பெனி. 1993-ல் ஜெர்மனியின் பாஷ் அதை வாங்கிக்கொண்டது. ஜெர்மன்காரர்களின் புரோக்ஸான் என்று இன்னொன்று உண்டு, மாடல் செய்கிறவர்கள் கொண்டாடுவது. இவை போக, பெயர் தெரிந்ததும் தெரியாததுமாக எத்தனையோ கருவிகள் கடையில் குவிந்திருக்கின்றன.

உள்ளே இருப்பது மிக்ஸியில் இருக்கும் அதே ஜாதி மோட்டார், யுனிவர்சல் மோட்டார். ஃபேனில் இருக்கும் இண்டக்‌ஷன் மோட்டாரை நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் நேரடியாக ஓட்டினால் 3,000 சுற்றைத் தாண்டாது. யுனிவர்சல் மோட்டாருக்கு அந்த வரம்பு இல்லை. அதற்கு விலையாக இரண்டு கார்பன் பிரஷ் தேய்ந்துகொண்டே வரும், சத்தமும் போடும். பிரஷை வெளியிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரால் கழற்றி மாற்ற முடிகிறதா என்பது வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி. உள்ளே பூட்டி வைத்திருந்தால் பிரஷ் தேய்ந்த அன்றைக்குக் கருவிக்கும் காரியம்தான்.

என்னென்ன வகை இருக்கிறது?

அக்காவின் வேலை நாலு. மூன்று நாலு மி.மீ. கனமுள்ள கொட்டாங்குச்சியை வட்டமாக வெட்ட வேண்டும். 1 மி.மீ. ஓட்டை போட வேண்டும். விளிம்பைத் தேய்க்க வேண்டும். பாலிஷ் போட வேண்டும். தினமும் இரண்டு மூன்று மணி நேரம். இந்த நாலையும் கையில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொன்றையும் பார்த்தேன்.

முதலாவது, பேனா மாதிரி இருக்கும் யூஎஸ்பி வகை. பார்க்க அழகு. 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் மொத்தமே 10 வாட். கண்ணாடியில் பெயர் பொறிக்க, நகத்துக்கு, தெர்மாகோல், பால்சா மரத்துக்குச் சரி. கொட்டாங்குச்சியில் வைத்தால் நின்றுவிடும். தள்ளுபடி.

இரண்டாவது, பேட்டரி வகை. 12 வோல்ட் லித்தியம் பேட்டரி உள்ளவை நல்ல பலம். வயர் தொல்லை இல்லை. மொட்டை மாடியிலோ வெளியிடத்திலோ வேலை செய்கிறவர்களுக்கு இதுதான். ஆனால் ஒரே இடத்தில் உட்கார்ந்து தினம் மூன்று மணி நேரம் ஓட்டினால் நடுவில் சார்ஜ் போட வேண்டும், சில வருடத்தில் பேட்டரியும் மாற்ற வேண்டும். அக்கா உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிளக் பாயிண்ட் இருக்கிறது. பேட்டரிக்கு எதற்குக் காசு?

மூன்றாவது, '105 பீஸ்' என்று பெரிதாக எழுதிய மலிவு விலைப் பெட்டி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கையில் காசு குறைவாக இருக்கும் நாமெல்லாம் முதலில் விழுவது இங்கேதான். ஹாஸ்டலில் பக்கத்து அறை நண்பனிடம் ஒன்று இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். முக்கால்வாசி உப்புத்தாள் வளையமும் பஞ்சு உருண்டையும். கட்டிங் வீல்கள் பிஸ்கட் மாதிரி, தொட்டால் உடைகிறது. அதைவிட முக்கியமானது ஆட்டம். 0.8 மி.மீ. பிட்டை மாட்டி ஓட்டினால் முனை ஒரு புள்ளியாகத் தெரியவில்லை, குட்டி வட்டமாகத் தெரிகிறது. சர்க்யூட் போர்டு ஓட்டைக்கு வாங்கும் கார்பைடு பிட்டுகள் இந்த ஆட்டத்தைத் தாங்காது, பக்கவாட்டில் கொஞ்சம் அசைந்தாலும் 'டிக்'. அவன் ஒரே ராத்திரியில் ஐந்து ஒடித்தான். மலிவுப் பெட்டி எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. இதிலும் நல்லது மாட்டும். வருடத்துக்கு நாலு தடவை எடுக்கிறவருக்குப் போதும். ஆனால் எது மாட்டும் என்பது அதிர்ஷ்டம், அக்காவின் ஆறாயிரத்தை அதிர்ஷ்டத்தில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

நாலாவது, 130 வாட் சுற்றுவட்டாரத்தில் கரண்டில் ஓடும், சர்வீஸ் சென்டர் உள்ள பிராண்டு கருவி. டிரெமெல் 3000 இந்த வகை. அதற்கு மேலே 4000 என்ற மாடல் 175 வாட், நிமிடத்துக்கு 5,000 முதல் 35,000 சுற்று. சுமை ஏறும்போது வேகம் குறைவதை உணர்ந்து தானே கரண்டைக் கூட்டிக்கொள்ளும் சர்க்யூட் அதில் உண்டு. அருமைதான், ஆனால் அக்காவின் பட்ஜெட்டைத் தாண்டியது.

ஐந்தாவது, நகைப் பட்டறைகளில் தொங்கும் மோட்டார். இதைப் பார்க்கத்தான் கோவையில் தெரிந்த ஒரு பத்தரிடம் போனேன்.

பத்தர் சொன்னது

பட்டறையில் மேலே ஒரு கொக்கி, அதில் மோட்டார் தொங்குகிறது. அதிலிருந்து வளையும் கேபிள் ஒன்று இறங்கி, நுனியில் பேனா பருமனுக்குக் கைப்பிடி. காலடியில் தையல் மெஷின் மாதிரி பெடல். மிதிக்க மிதிக்க வேகம் ஏறுகிறது. எடையும் சூடும் மேலேயே தங்கிவிடுகின்றன, கையில் இருப்பது வெறும் நுனிதான். முப்பது வருடமாகத் தினம் எட்டு மணி நேரம் அப்படித்தான் வேலை செய்கிறாராம்.

"சுத்து எத்தனைன்னு அட்டையில போட்டிருக்கறத பார்க்காதீங்க தம்பி. கருவி கையைச் சுடக் கூடாது. சுட்டுச்சுன்னா ஒண்ணு கருவி சின்னது, இல்லீன்னா நீங்க அமுக்கறீங்க" என்றார். நான் படித்த முறுக்கு விசைக் கணக்கை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இன்னொரு விஷயமும் அவர்தான் காட்டிக்கொடுத்தார். நகைக்காரர்களும் பல் டாக்டர்களும் கைப்பிடிக் கருவிக்குப் பயன்படுத்தும் பர் என்கிற சிறு வெட்டுமுனைகளின் தண்டு 2.35 மி.மீ. ஹாபிக் கருவிகளோடு வருபவை பெரும்பாலும் 3.2 மி.மீ. பிட்டின் தண்டைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் அந்தப் பிளவுபட்ட பித்தளைக் குழலுக்குக் காலெட் என்று பெயர். 3.2, 2.4, 1.6, 0.8 என்று நாலு அளவு காலெட் கிடைக்கிற கருவியாக வாங்கினால், 2.4 காலெட்டில் பத்தர்கள் வாங்கும் பர்களையும் மாட்டிக்கொள்ளலாம். நகைத் தொழில் சாமான் விற்கும் கடையில் அவை சில்லறையாக, ஒன்று இரண்டாகவே கிடைக்கின்றன. ஹாபி பிராண்டின் அட்டை போட்ட பாக்கெட்டை விட எவ்வளவோ மலிவு. கருவியின் விலை ஒரு தடவைதான், பிட்டுக்கு மாதா மாதம் அழ வேண்டும். அதனால் எந்தக் காலெட் கிடைக்கும் என்று பார்க்காமல் கருவி வாங்குவது, எந்த ரீஃபில் போகும் என்று பார்க்காமல் பேனா வாங்குகிற மாதிரி.

தொங்கும் மோட்டாரையே வாங்கிவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். அக்கா இருப்பது வாடகை வீடு. பகலில் திண்ணையில் உட்காருவாள், இருட்டினால் உள்ளே வந்துவிடுவாள், வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு மூட வேண்டும். ஒரே இடத்தில் கட்டிப்போட்ட கருவி அவளுக்கு ஒத்துவராது. பத்தருக்குப் பட்டறை இருக்கிறது, அக்காவுக்கு இருப்பது ஒரு பாய்.

கடையில் செய்த சோதனைகள்

கடைசியில் நாலாவது வகையில் வேகம் மாற்றக்கூடிய ஒன்றும், அதனோடு பொருத்தும் வளையும் ஷாஃப்ட் தனியாகவும் என்று முடிவு செய்தேன். கருவியை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு நுனியை மட்டும் கையில் பிடித்தால் அது ஏறக்குறைய பத்தரின் மோட்டார்தான். கழற்றினால் பெட்டிக்குள் போய்விடும்.

ஆனால் ஒரே மாடலிலும் ஒரு பீஸுக்கும் இன்னொரு பீஸுக்கும் வித்தியாசம் இருக்கலாம். அதனால் கடையில் நின்று இவற்றைச் செய்து பார்த்தேன்:

1. நீளமான மெல்லிய பிட்டை மாட்டி, கையால் மெதுவாகச் சுற்றி முனையைக் கவனித்தேன். முனை ஒரே இடத்தில் நிற்க வேண்டும். வட்டம் போட்டால் வேண்டாம்.

2. கருவியை ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காலெட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினேன். 'லொடக்' என்று அசைந்தால் பேரிங் சரியில்லை.

3. குறைந்த வேகத்தில் ஒரு நிமிடம் ஓட்டினேன். ஆரம்ப வேகமே அதிகமாக இருக்கும் கருவி எனக்கு உதவாது. அக்ரிலிக் மாதிரி பிளாஸ்டிக் அதிக வேகத்தில் உருகிப் பிட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். கம்பி பிரஷை 15,000-க்கு மேல் ஓட்டக் கூடாது, கம்பி உதிர்ந்து ஊசியாகப் பறக்கும். கொட்டாங்குச்சியோ வேகம் கூடினால் விளிம்பில் கருகும். தேங்காய் சுட்ட வாசனை வந்தாலே வேகத்தைக் குறை என்று அர்த்தம்.

4. ஐந்து நிமிடம் முழு வேகத்தில் ஓட்டிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார், பரவாயில்லை :-)

5. கார்பன் பிரஷ் ஒரு ஜோடி அங்கேயே கிடைக்குமா என்று கேட்டேன். முதல் இரண்டு கடையில் "அதெல்லாம் எதுக்குங்க, வாரண்டி இருக்கே" என்றார்கள். மூன்றாவது கடையில் எடுத்து மேஜையில் வைத்தார். அங்கேயே வாங்கினேன்.

நூறு பீஸ் இணைப்புள்ள பெட்டியைத் தவிர்த்து, வெறும் கருவியாக வாங்கியதில் மிச்சமான காசில் ஷாஃப்ட், இழை வைத்து வலுவூட்டிய கட்டிங் வீல் பத்து, 1 மி.மீ. பிட்டு ஐந்து, உப்புத்தாள் வளையம் கொஞ்சம், ஒரு கண் கவசம். மொத்தம் ஆறாயிரத்துக்குள் அடங்கியது. பஸ் காசு என்னுடையது.

பாதுகாப்பு - இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்

கண் கவசம் பேச்சுக்கே இடமில்லாத கட்டாயம். மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் அதுவே போதும் என்று நினைக்கக் கூடாது, பக்கவாட்டில் திறந்திருக்கிறது. புது வீல் மாட்டியதும் முகத்துக்கு விலக்கிப் பிடித்து ஒரு நிமிடம் சும்மா ஓட்டுங்கள். உடைய வேண்டியது அப்போதே உடைந்து தொலையட்டும். வெட்டும் வீலின் பக்கவாட்டில் வைத்துத் தேய்க்காதீர்கள்.

துப்பட்டா, தொங்கும் பின்னல், கழுத்தில் துண்டு எதுவும் கிட்டே வரக் கூடாது. அக்கா இப்போது பின்னலைக் கொண்டை போட்டு, துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுகிறாள். துணிக் கையுறையும் வேண்டாம், நூல் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

கொட்டாங்குச்சித் தூள் மாவு மாதிரி நைசு, காற்றில் மிதக்கும். கொரோனா காலத்தில் வாங்கி மிஞ்சிய என்-95 மாஸ்க் இருந்தால் அதுவே சரியான ஆயுதம். பச்சை நிறக் கண்ணாடியிழை சர்க்யூட் போர்டு வெட்டுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. அப்புறம், ஓடும்போது மூக்கில் இருக்கும் பூட்டுப் பட்டனை அழுத்தவே கூடாது. பிட்டு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

வளையும் ஷாஃப்டைக் குறுகலாக மடக்கினால் உள்ளே உரசிச் சூடாகும். பெரிய வளைவாகத் தொங்கவிட வேண்டும். பத்து நிமிடம் ஓட்டினால் இரண்டு நிமிடம் ஓய்வு என்று அக்காவே ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். அந்த இரண்டு நிமிடத்தில் எண்ணெய் தடவும் வேலை.

என்ன ஆச்சு?

ஒன்றரை மணி நேரம் பிடித்த ஜோடி இப்போது முப்பத்தைந்து நாற்பது நிமிடம். கடைசித் தேய்ப்பும் பாலிஷும் மட்டும் இன்னும் கையால்தான். மெஷின் பாலிஷில் மினுமினுப்பு வருகிறது, ஆனால் 400 நம்பர் உப்புத்தாளும் தேங்காயெண்ணெயும் தருகிற அந்தக் கரும்பழுப்பு வரவில்லை என்கிறாள். வாங்குகிறவர்களுக்கும் அதுதான் பிடித்திருக்கிறதாம். பொங்கலுக்குள் ஆறாயிரமும் திரும்பி வந்துவிட்டது. அதைவிட, சாயங்காலம் டம்ளரைப் பிடிக்கும்போது முகம் சுளிப்பதில்லை என்று அம்மா சொன்னார்கள்.

உங்கள் வேலை வேறு என்றால் முடிவும் வேறாக இருக்கும். சர்க்யூட் போர்டில் ஓட்டை மட்டும்தான் என்றால் பலத்தைவிட ஆட்டமில்லாத காலெட்டும் ஒரு ஸ்டாண்டும் முக்கியம். மாடல் கப்பல், பொம்மை என்றால் குறைந்த வேகமும் குறைந்த எடையும் முக்கியம். தினம் எட்டு மணி நேரத் தொழில் என்றால் யோசிக்காமல் தொங்கும் மோட்டார். வருடத்தில் நாலு நாள் என்றால் மலிவுப் பெட்டியே போதும், ஆனால் அதிலிருக்கும் கட்டிங் வீல்களைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாக நாலு வாங்கிக்கொள்ளுங்கள்.

எதுவாக இருந்தாலும் கடைக்குப் போகும்போது ஒரு 1 மி.மீ. பிட்டைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடைக்காரர் என்ன சொன்னாலும், மாட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.